உங்கள் இன்ஹேலரில் இருப்பது சல்ஃபைட் இல்லை

வாசகியின் கேள்வி (சுருக்கமாக): எனக்கு வயது 36. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. இரண்டு மாதத்துக்கு முன்பு, அப்போதுதான் பிரித்த பாக்கெட்டிலிருந்து உலர்ந்த ஆப்ரிகாட் நாலைந்து சாப்பிட்டேன். பத்து நிமிடத்துக்குள் இருமல், நெஞ்சு இறுக்கம், வீசிங். பிறகு ஒரு நாள் பாட்டில் எலுமிச்சைச் சாறு கலந்து குடித்தபோதும் லேசாக அதே தொல்லை. இரண்டிலும் லேபிளில் சல்ஃபைட் என்று இருந்தது. உனக்குக் கந்தகமே சேராது என்று தெரிந்தவர்கள் சொன்னதால் வெங்காயம், பூண்டு, முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். என் இன்ஹேலரின் பெட்டியிலும் சல்ஃபேட் என்று போட்டிருக்கிறது. அதனால் அதையும் முடிந்த மட்டும் தள்ளிப்போடுகிறேன். பல வருடம் முன்பு ஒரு சல்ஃபா மாத்திரைக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனது. அடுத்த மாதம் பல் பிடுங்க வேண்டும். மரத்துப்போகும் ஊசியிலும் சல்ஃபைட் உண்டாமே? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் பட்டைகள் விற்கிறார்களாம், வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

மற்ற எதையும் சொல்வதற்கு முன்னால் ஒன்று. இன்ஹேலரை இன்றே பழையபடி எடுக்கத் தொடங்குங்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது ஆப்ரிகாட் இல்லை, அந்த ஒரு வரிதான். பெட்டியில் இருப்பது சால்புட்டமால் சல்ஃபேட்டாகத்தான் இருக்க வேண்டும். சல்ஃபேட் வேறு, சல்ஃபைட் வேறு. சல்ஃபைட் என்பது உணவு கெடாமலும் நிறம் மாறாமலும் இருக்கச் சேர்க்கும் கந்தகச் சேர்மம். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்புட்டமால் என்ற மருந்தைக் கெடாத உப்பு வடிவத்தில் வைத்திருப்பதற்காகச் சேர்ந்திருக்கும் பகுதிதான் சல்ஃபேட். மூச்சுக்குழாய்க்கு அதனால் எந்தத் தீங்கும் இல்லை. சொல்லப்போனால், கடுமையான ஆஸ்துமா தாக்குதலோடு அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு மக்னீசியம் சல்ஃபேட்டை நரம்பு வழியாகவே ஏற்றுகிறோம், மூச்சுக்குழாயைத் தளர்த்துவதற்காக. தினமும் காலையும் மாலையும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் உங்களுக்குக் கொடுத்திருந்தால், அதையும் ஒரு வேளைகூட விடாதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

சரி, சல்ஃபைட்டுக்கு வருவோம். உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பது பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கிறது: ஏற்கெனவே ஆஸ்துமா, சல்ஃபைட் அதிகமாக இருக்கும் உணவு, சில நிமிடங்களில் நெஞ்சு இறுக்கம், இன்னொரு சல்ஃபைட் உணவிலும் அதே கதை. 1973இல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த பழைய அறிக்கையும் கிட்டத்தட்ட இதுதான். காற்றுப் புகாத பையில் அடைத்த, கந்தக டை ஆக்சைடு ஏற்றிய உலர் பழங்களைச் சாப்பிடும்போதெல்லாம் ஆஸ்துமா உள்ள ஒரு குழந்தைக்கு இருமலும் வீசிங்கும் வந்தன. அதுவரை இந்த வாயு மூச்சில் போனால்தான் கெடுதல் என்று நினைத்திருந்தார்கள். சாப்பாட்டில் போனாலும் அது நுரையீரலைத் தொந்தரவு செய்யும் என்பது அப்போதுதான் கவனத்துக்கு வந்தது.

எப்படித் தொந்தரவு செய்கிறது? லேபிளில் சோடியம் மெட்டாபைசல்ஃபைட், பொட்டாசியம் பைசல்ஃபைட் என்று பெயர் எதுவாக இருந்தாலும், தண்ணீரும் புளிப்பும் சேர்ந்தால் அதிலிருந்து கந்தக டை ஆக்சைடு வாயு கிளம்பும். வாயில் மெல்லும்போது கொஞ்சம், வயிற்று அமிலத்தில் கொஞ்சம். அந்த வாயு ஏப்பத்தோடும் மூச்சோடும் காற்றுக்குழாய்க்குப் போகிறது. ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய்ச் சுவர் ஏற்கெனவே அழற்சியில் இருப்பதால், அங்குள்ள நரம்புகள் அந்தச் சின்ன எரிச்சலுக்கே குழாயை இறுக்கிவிடும். பெரும்பாலானவர்களுக்கு நடப்பது இதுதான். வேர்க்கடலை ஒவ்வாமையில் போல எதிர்ப்புச் சக்தி அமைப்பு அந்தப் பொருளையே அடையாளம் கண்டு தாக்குவது சல்ஃபைட்டில் மிகச் சிலருக்கே நடக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, முகச்சிவப்பு, இரத்த அழுத்தம் விழுவது போன்றவை வரும். வயிற்று வலியும் பேதியும் சிலருக்கு உண்டு.

உங்கள் இரண்டு அனுபவங்களுக்கும் இதை வைத்துக் காரணம் சொல்லலாம். பல வாரமாக மூடியிருந்த பாக்கெட்டின் உள்ளே, பழத்துக்கு மேலே நிற்கும் காற்றிலேயே அந்த வாயு கலந்திருக்கும். பிரித்தவுடன் மூக்கில் குத்தும் அந்த நெடி, தீக்குச்சி கிழித்தவுடன் வருவதுபோல இருக்குமே, அதுதான். பாட்டில் எலுமிச்சைச் சாறு இயல்பிலேயே புளிப்பு. புளித்த திரவத்தில் சல்ஃபைட் வாயுவாக மாறித் தயாராக நிற்கிறது. பரிசோதனைகளிலும் இதைப் பார்க்கலாம்: ஒரே அளவு சல்ஃபைட்டை மாத்திரைக் கூட்டில் அடைத்து விழுங்கினால் ஒன்றும் ஆகாத சிலருக்கு, அதையே புளிப்பான கரைசலாக வாயில் வைத்துக் குடித்தால் மூச்சு இறுக்குகிறது.

ஆகவே லேபிளில் சல்ஃபைட் என்று போட்ட எல்லாமே உங்களுக்கு ஒரே அளவு ஆபத்து இல்லை. உணவில் உள்ள சர்க்கரை, புரதம், மாவுச்சத்து ஆகியவை சல்ஃபைட்டைப் பிடித்துக் கட்டிவைத்துக்கொள்ளும். கட்டுண்டது அவ்வளவு சீக்கிரம் வாயுவாகாது. கீரையிலை போன்றவற்றில் கட்டிவைக்க அதிகம் எதுவும் இல்லாததால் தெளித்த சல்ஃபைட் பெரும்பாலும் கட்டுப்படாமலே நிற்கும். 1980களில் அமெரிக்க உணவகங்களில் வெட்டிவைத்த லெட்டூஸ் இலை வாடாமல் பச்சையாகத் தெரிவதற்காக சல்ஃபைட் கரைசலைத் தெளித்தார்கள். அதைச் சாப்பிட்ட ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கடுமையான தாக்குதல்கள் வந்தன, உயிரிழப்புகளும் நடந்தன. அதன் பிறகுதான் 1986இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம், பச்சையாகச் சாப்பிடும் காய்கனிகளில் சல்ஃபைட் போடுவதைத் தடைசெய்தது. லேபிளே இல்லாமல் தட்டில் வந்ததுதான் அங்கே பெரிய கொடுமை. சாப்பிட்டவருக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

இப்போது லேபிளைப் படிக்கும் விதம். இ 220 முதல் இ 228 வரையான எண்கள் அனைத்தும் இந்தக் குடும்பம். 220 என்பது கந்தக டை ஆக்சைடு, 223 சோடியம் மெட்டாபைசல்ஃபைட், 224 பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். சில நாடுகளில் இ என்ற எழுத்துக்குப் பதில் ஐஎன்எஸ் என்று இருக்கும், எண் அதேதான். ஒரு கிலோ உணவில் 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சல்ஃபைட் இருப்பதை லேபிளில் சொல்லியாக வேண்டும் என்பது சர்வதேச உணவுத் தரக் குழுவான கோடெக்ஸ், ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா என்று பல இடங்களிலும் ஏறக்குறைய ஒரே விதி. அதற்குக் கீழே இருக்கும் அளவு பெரும்பாலும் யாரையும் படுத்துவதில்லை.

அளவு எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பாருங்கள். உலர்ந்த ஆப்ரிகாட்டுக்குக் கோடெக்ஸ் அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 2000 மில்லிகிராம். ஒரு பழம் ஏழெட்டு கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்த உச்ச அளவில் உள்ள ஐந்து பழத்திலேயே 70, 80 மில்லிகிராம் போய்விடும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, ஒருவர் நாளொன்றுக்கு வாழ்நாள் முழுவதும் எடுத்தாலும் பரவாயில்லை என்று சொன்ன அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு 42 மில்லிகிராம். அந்த 0.7 என்ற எண்ணுக்கே போதிய தரவு இல்லை என்று 2022இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தானும் தற்காலிகமாக வைத்திருந்த அதே அளவை விலக்கிக்கொண்டது. சல்ஃபைட் உணவுகளை நிறையச் சாப்பிடுபவர்களைப் பற்றிக் கவலையும் தெரிவித்தது. ஆஸ்துமா இல்லாதவர்கள்கூட ஆப்ரிகாட்டைக் கைநிறைய அள்ளுவதற்கு முன் யோசிக்கலாம் என்பது என் கருத்து.

நீங்கள் கவனிக்க வேண்டியவை: வெளிறிய அல்லது பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் உலர் பழங்கள், பாட்டில் எலுமிச்சைச் சாறு, வெள்ளைத் திராட்சைச் சாறு, ஒயின், தோல் சீவிப் பாக்கெட்டில் அடைத்த உருளைக்கிழங்கு, உலர்த்திய காய்கள், ஓடு கறுக்காமல் இருக்க சல்ஃபைட்டில் முக்கியெடுத்த இறால். ஆப்ரிகாட் ஆரஞ்சு நிறமாகவே இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இந்த வாயுதான். வாயு ஏற்றாமல் வெயிலில் காய்ந்த ஆப்ரிகாட் பழுப்பு நிறத்தில், கொஞ்சம் சுருங்கி, பார்க்க அவ்வளவு அழகில்லாமல் இருக்கும். அதை நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம், லேபிளை ஒருமுறை பார்த்துவிட்டு. கழுவினால் போய்விடுமா என்று பலர் கேட்பார்கள். மேலே ஒட்டியிருப்பது கொஞ்சம் போகும், உள்ளே ஊறியது போகாது. வேகவைத்தால் ஓரளவு குறையும். அப்படி வேகவைக்கும்போது கிளம்பும் ஆவியை நீங்கள் நின்று முகரக் கூடாது.

ஒயின் குடித்தால் தலைவலி, அது சல்ஃபைட்தான் என்று சொல்வதை நிறையக் கேட்கிறேன். பொதுவாக வெள்ளை ஒயினில்தான் சல்ஃபைட் அதிகம், ஆனால் தலைவலிக்குப் பழி சுமப்பது சிவப்பு ஒயின். தலைவலிக்கு வேறு காரணம் தேட வேண்டும், முதலில் ஆல்கஹாலையே.

வெங்காயம், பூண்டு, முட்டை மூன்றையும் மறுபடி சாப்பிடுங்கள். கந்தகம் என்ற தனிமம் நம் உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. புரதத்தில் உள்ள சிஸ்டீன், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களில் இருப்பது கந்தகம்தான். அவற்றை உடைக்கும்போது உங்கள் உடம்பே தினமும் சல்ஃபைட்டை உண்டாக்குகிறது. சல்ஃபைட் ஆக்ஸிடேஸ் என்ற நொதி அதை உடனுக்குடன் சல்ஃபேட்டாக மாற்றி, சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. கந்தகமே சேராத மனிதர் என்று ஒருவர் இருக்கவே முடியாது. அந்த நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் மிக அரிதாகப் பிறக்கிறார்கள். அது பிறந்த சில நாட்களிலேயே வலிப்போடு தெரியவரும் கடுமையான நோய், 36 வயதில் வரும் வீசிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சல்ஃபா மாத்திரைக்கு வந்த தடிப்பு இதற்குத் தொடர்பே இல்லாத தனி விஷயம். அது சல்ஃபோனமைடு என்ற மருந்துக் குடும்பத்துக்கு வந்த ஒவ்வாமை. அதை மருத்துவர்களிடம் எப்போதும் சொல்லுங்கள், அந்த மருந்தை மறுபடி எடுக்காதீர்கள். ஆனால் சல்ஃபா சேராததால் சல்ஃபைட்டும் சேராது என்றோ, சல்ஃபைட் சேராததால் சல்ஃபாவும் சேராது என்றோ கணக்குப் போடக் கூடாது. மருத்துவமனைப் பதிவில் சல்ஃபர் அலர்ஜி என்று யாராவது எழுதியிருந்தால் அதைத் திருத்தச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லால் நாளைக்கு அவசரத்தில் சரியான மருந்து உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். சல்ஃபோனமைடு ஒவ்வாமை என்று ஒரு வரி, சல்ஃபைட் சந்தேகம் என்று இன்னொரு வரி, இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

சோதனைப் பட்டை வேண்டாம். சல்ஃபைட் இருந்தும் இல்லை என்று காட்டும், இல்லாமலே இருக்கிறது என்றும் காட்டும். பூண்டு, வெங்காய இனத்தின் இயற்கையான கந்தகச் சேர்மங்கள் ஆய்வகத்தின் முறையான சோதனையைக்கூட ஏமாற்றி, சேர்க்காத சல்ஃபைட்டைச் சேர்த்ததாகக் காட்டுவதுண்டு. உங்களைப் போன்றவர்கள் பட்டையை நம்பித் தைரியமாகச் சாப்பிட்டுவிடுவார்களே என்பதுதான் என் பயம்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி, மருத்துவர் முன்னிலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கும் சவால் சோதனை. தோலில் குத்திப் பார்ப்பதும் இரத்தப் பரிசோதனையும் இதில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் காட்டாது. சவால் சோதனையில் சில மில்லிகிராமில் ஆரம்பித்து, இடைவெளி விட்டு அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு தடவையும் குழாயில் வேகமாக ஊதச் சொல்லி, முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று அளப்பார்கள். அது ஆரம்பத்தில் இருந்ததைவிட 20 சதவீதம் குறைந்தால் அங்கேயே நிறுத்தி மருந்து கொடுப்பார்கள். இடையிடையே சல்ஃபைட் இல்லாத கரைசலும் வரும். எது எது என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் பயத்திலேயே நெஞ்சு இறுக்குவதும் உண்டு. வீட்டில் ஒரே ஒரு பழம் சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

அந்தச் சோதனைக்குப் போவதற்கே உங்கள் ஆஸ்துமா கட்டுக்குள் இருக்க வேண்டும். இன்ஹேலரை அழுத்திச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னும் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களில் சல்ஃபைட்டுக்கு இறுக்கம் வருவது, வெவ்வேறு ஆய்வுகளின்படி, ஏறக்குறைய 100க்கு 3 முதல் 10 பேருக்கு. அதிலும் ஆஸ்துமா கடுமையாக இருப்பவர்களிடம்தான் அதிகம் தெரிகிறது. ஆஸ்துமாவே இல்லாதவர்களிடம் அரிது. மூச்சுக்குழாயின் அழற்சி அடங்கினால் எந்த எரிச்சலுக்கும் அது சட்டென்று இறுகுவது குறையும். நீங்கள் உணவைக் குறைத்துக்கொண்டே போய், கூடவே மருந்தையும் குறைத்தீர்கள். உணவில் ஒவ்வொன்றாக நீக்கியும் பயம் குறையாமல் இருந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

காற்றில் இருக்கும் கந்தக டை ஆக்சைடும் இதே குழாயைத்தான் தொடுகிறது என்பதால் ஒரு வார்த்தை. நிலக்கரி எரியும் இடங்கள், சில உலோக ஆலைகள், எரிமலைப் பக்கம் அது அதிகம். மூக்கு வழியாக மூச்சு விட்டால் இந்த வாயு பெரும்பாலும் மூக்கின் ஈரத்திலேயே கரைந்து நின்றுவிடும். ஓடும்போதும் படியேறும்போதும் வாயால் இழுத்தால் நேராக உள்ளே போகும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 10 நிமிடத்துக்கென்றே தனி வரம்பு வைத்திருக்கிறது: ஒரு கன மீட்டர் காற்றில் 500 மைக்ரோகிராம். அப்படிப்பட்ட இடத்துக்கு அருகில் இருந்தால், காற்று கெட்டிருக்கும் நாளில் உடற்பயிற்சியை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தோலில் அரிப்போ படையோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில பூஞ்சைக் களிம்புகளிலும் தலைமுடிச் சாயங்களிலும் சல்ஃபைட் உண்டு; தோலில் பொருள்கள் படுவதால் வரும் ஒவ்வாமையைக் கவனிக்கும் அமெரிக்க மருத்துவச் சங்கம் ஒன்று 2024ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக சல்ஃபைட்டைத்தான் அறிவித்தது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லாததால் இதை நீட்டவில்லை.

கடைசியாகப் பல். மரத்துப்போகும் ஊசி எல்லாவற்றிலும் சல்ஃபைட் இருக்காது. அட்ரினலின் கலந்த ஊசியில்தான் இருக்கும். அட்ரினலின் காற்று பட்டுக் கெடாமல் இருக்க அதைச் சேர்க்கிறார்கள். அட்ரினலின் கலக்காத ஊசிகளும் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சொல்லாமல், நேரம் வாங்கும்போதே பல் மருத்துவரிடம் மூன்று விஷயத்தைச் சொல்லுங்கள்: எனக்கு ஆஸ்துமா, சல்ஃபைட்டுக்கு மூச்சு இறுக்கம் வருகிறதோ என்று சந்தேகம், சல்ஃபா மாத்திரைக்கு ஒவ்வாமை. எந்த ஊசி என்பதை அவர் முடிவு செய்வார். ஊசியில் இருக்கும் அளவு ஆப்ரிகாட்டோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, அது வாய்க்குள் வாயுவாகக் கிளம்புவதும் இல்லை. ஆகவே பல்லைப் பிடுங்காமல் தள்ளிப்போட வேண்டியதில்லை. அன்று காலை தடுப்பு இன்ஹேலரை எடுத்துவிட்டு, சால்புட்டமாலைக் கையோடு கொண்டுபோங்கள். முந்தின நாள் வீசிங் இருந்தால் மட்டும் வேறு நாள் கேளுங்கள்.

அந்த அட்ரினலின் விஷயத்தில் இன்னொன்று. எதனாலோ ஒரு நாள் உங்களுக்குக் கடும் ஒவ்வாமைத் தாக்கு வந்து, முகம் வீங்கி, மூச்சு முட்டி, தலை சுற்றினால், அங்கே உயிர்காக்கும் மருந்து அட்ரினலின் ஊசிதான். அதிலும் பெரும்பாலும் சல்ஃபைட் இருக்கும். பெரியவர்களுக்கான ஒரு தானியங்கி ஊசியின் டோஸில் அரை மில்லிகிராம் அளவு. சல்ஃபைட் ஒவ்வாமை நிரூபணமான நோயாளிக்கும் அந்த நேரத்தில் அதைப் போடத்தான் வேண்டும். மருத்துவர்களிடையே இதில் இரண்டு கருத்து கிடையாது. உங்களுக்கு சல்ஃபைட் ஆகாது என்பதை வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லிவையுங்கள். அவர்கள் பயந்துபோய் ஊசி வேண்டாம் என்று தடுத்துவிடக் கூடாது.

அன்புடன்,
உங்கள் ஒவ்வாமை மருத்துவர்